யொரூபா என்ற பெயர் முதலில் யாரைக் குறித்தது?

"யொரூபா" என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று இணையத்தில் தேடுபவருக்கு விடைகள் தேவைக்கு மேல் கிடைக்கும். "பலியிடுவோர்" என்று ஒருவர் எழுதுவார். அரபு முன்னோர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது என்று இன்னொருவர் எழுதுவார். பகைவர் சூட்டிய வசைச்சொல், ஆகவே உடனே கைவிட வேண்டியது என்று மூன்றாமவர் கொதிப்பார். மூவரும் ஒரே உறுதியுடன் பேசுவதால், புதிதாகப் படிப்பவர் எதை நம்புவது என்று தெரியாமல் திகைத்துப் போகிறார். தனித்தனியாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்: இந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கியவர்கள் யார், அது தொடக்கத்தில் யாரைக் குறித்தது, பின்னர் அதைத் தமக்குரியதாக ஏற்றுக்கொண்டவர்கள் யார். சொல்லின் வேர்ப்பொருள் குறித்து அறிஞர்களிடையே இன்றுவரை ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் பெருமளவு ஆவணச் சான்றுடன் விடை சொல்ல முடியும். எந்த வேர்ச்சொல் விளக்கத்தையும் விட அந்த விடைகளே சுவையானவை என்பது என் எண்ணம்.

## இன்று யொரூபா எனப்படுவோர்

நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியிலும், அதையடுத்த பெனின் குடியரசிலும், ஓரளவு டோகோவிலும் வாழும் மக்களே இன்று யொரூபா எனப்படுகிறார்கள். அவர்கள் தொகை நான்கு கோடிக்கும் மேல். லாகோஸ், இபாடான், அபியோகுட்டா, ஓயோ, இலே-இஃபே ஆகியவை அவர்களுடைய புகழ்பெற்ற நகரங்கள். மொழியில் நெருக்கம் உண்டு. இஃபா எனப்படும் குறிபார்க்கும் மரபு பொதுவானது. அரசகுலங்கள் பலவும் தம் தோற்றத்தை இலே-இஃபே நகரத்துடனும், ஒடுடுவா என்ற ஆதி முன்னோருடனும் இணைத்துக் கூறிக்கொள்கின்றன.

இத்தனை பொதுமை இருந்தும், 200 ஆண்டுகளுக்கு முன் இந்த நிலப்பகுதியில் ஒருவரை நிறுத்தி "நீங்கள் யார்" என்று கேட்டிருந்தால், "யொரூபா" என்ற விடை பெரும்பாலும் வந்திருக்காது. எக்பா, இஜெபு, இஜெஷா, எகிட்டி, ஒண்டோ, இஃபே, ஓயோ, கேத்து என்று அவரவர் நாட்டின் அல்லது நகரத்தின் பெயரையே சொல்லியிருப்பார்கள். ஒவ்வொன்றும் தனி அரசு. அவற்றுள் சில ஒன்றோடொன்று கடும் போரிட்டவை. 1877 முதல் பல ஆண்டுகள் நீடித்த கிரிஜி போரில், இன்று ஒரே இனமாகக் கருதப்படும் இபாடான் மக்களும் எகிட்டி, இஜெஷா மக்களின் கூட்டணியும் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள்.

## அகப்பெயரும் புறப்பெயரும்

மேலே செல்வதற்கு இரண்டு கலைச்சொற்கள் தேவை. ஒரு மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர் அகப்பெயர். பிறர் அவர்களை அழைக்கும் பெயர் புறப்பெயர். புறப்பெயர் இழிவானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; வெளியிலிருந்து வந்தது என்பது மட்டுமே அதன் இலக்கணம்.

புறப்பெயர்கள் உருவாகும் விதத்துக்குத் தமிழ் வாசகருக்கு நன்கு பழக்கமான சான்று "யவனர்". கிரேக்க மக்களுள் அயோனியர் என்பது ஒரு பிரிவினரின் பெயர் மட்டுமே. ஆசியாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த அவர்களே பாரசீகர்களுக்கு அருகில் இருந்த கிரேக்கர்கள் என்பதால், பாரசீகர் எல்லாக் கிரேக்கரையும் அந்தப் பிரிவின் பெயராலேயே அழைத்தனர். அந்தப் பெயர் கிழக்கே பரவி, சங்கப் பாடல்களில் "யவனர்" என்று வந்து சேர்ந்தபோது, உரோமப் பேரரசிலிருந்து கப்பலில் வந்த வணிகர்களையும் சேர்த்துக் குறித்தது. ஏதென்சு நகரத்துக் கிரேக்கர் ஒருவர் தம்மை அயோனியர் என்று ஒருவாறு ஒப்புக்கொண்டாலும், ஸ்பார்ட்டா நகரத்தவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். எல்லைக்கு அருகில் இருக்கும் பிரிவின் பெயர், தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முழு மக்களின் பெயராக விரிந்துவிடுகிறது. யொரூபா என்ற பெயரின் வரலாற்றில் நடந்ததும் அடிப்படையில் இதுவே.

## வடக்கிலிருந்து பார்த்தவர்கள் கண்ட அரசு

யொரூபா மொழி பேசும் அரசுகளுள் வடகோடியில், காடு முடிந்து புல்வெளி தொடங்கும் பகுதியில் இருந்தது ஓயோ. குதிரைகளைக் கொல்லும் நோயைப் பரப்பும் செட்சி ஈக்கள் தெற்கே உள்ள அடர்காட்டில் மிகுதி; வடக்கே புல்வெளியில் குறைவு. ஆகவே ஓயோவால் வடக்கிலிருந்து குதிரைகளை வாங்கி, குதிரைப்படை கட்டி, அக்கம்பக்கத்து நாடுகளை அடக்கிப் பேரரசாக வளர முடிந்தது. அலாஃபின் என்ற பட்டப்பெயர் கொண்ட அதன் மன்னரையும், அதன் வணிகரையும், அதன் படையையும் வடக்கே இருந்த ஹௌசா மக்களும் அவர்களுக்கு அப்பாலிருந்த முஸ்லிம் அறிஞர்களும் அறிந்திருந்தார்கள். தெற்கே காட்டுக்குள் இருந்த ஒண்டோவையோ இஜெபுவையோ அந்த அளவுக்கு அறிந்திருக்க அவர்களுக்கு வாய்ப்பில்லை.

இந்தப் பெயருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று இந்த வடபுலத்திலிருந்தே வருகிறது. திம்புக்து நகரத்துச் சட்ட அறிஞர் அஹ்மத் பாபாவிடம், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள துவாத் பாலைவனச் சோலையைச் சேர்ந்தவர்கள் ஒரு சிக்கலான கேள்வியை அனுப்பினார்கள்: தெற்கிலிருந்து விற்பனைக்குக் கொண்டுவரப்படும் அடிமைகளுள் யாரை வைத்திருப்பது மார்க்கச் சட்டப்படி செல்லும்? முஸ்லிமாக இருப்பவரை அடிமைப்படுத்தக் கூடாது என்பது விதி. அஹ்மத் பாபாவே மொராக்கோ படையால் சிறைப்பிடிக்கப்பட்டு, பல ஆண்டுகள் மராகேஷில் வைக்கப்பட்டு, பின்னர் ஊர் திரும்பியவர். 1615ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய விடையில், இஸ்லாத்தைத் தழுவாத மக்கள் என்று ஒரு பட்டியல் இடம்பெறுகிறது. மோசி, குர்மா, புசா முதலிய பெயர்களுடன் யொரூபாவும் அதில் உள்ளது. ஒரு மக்களின் பெயர் ஏட்டில் ஏறியது, அவர்களை விற்கலாமா என்ற விவாதத்தின் இடையில்தான் என்பதைக் கடந்து செல்வது எளிதல்ல.

அந்தப் பெயர் பழைய நூல்களில் யர்பா, யரிபா, யரபா என்று பலவாறு தென்படுவதற்கும் எளிய காரணம் உண்டு. அரபு எழுத்தில் குறுகிய உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. "ஒ" என்ற ஒலிக்குத் தனி எழுத்தும் இல்லை. ய, ர, ப என்ற மெய்யெழுத்துகளை மட்டும் பார்ப்பவர் இடையில் எந்த உயிரை வேண்டுமானாலும் இட்டு வாசிக்கலாம். ஹௌசா மொழியில் இன்றும் இம்மக்கள் "யரபாவா" எனப்படுகிறார்கள். 1824இல் சொக்கோட்டோ நகரத்துக்கு வந்த ஸ்காட்லாந்துப் பயணி ஹியூ கிளாப்பர்டன், அங்கு ஆட்சி செய்த முஹம்மது பெல்லோவிடமிருந்து இப்பகுதி பற்றிய குறிப்புகளைப் பெற்றுச் சென்றார். அவை 1826இல் ஆங்கிலத்தில் அச்சேறின. ஐரோப்பியர் "யரிபா" என்று எழுதத் தொடங்கியது இவ்வாறு வடக்கின் காதுகள் வழியாகத்தான். கிளாப்பர்டன் தம் அடுத்த பயணத்தில், 1826இல், ஓயோவின் தலைநகரை நேரிலேயே கண்டார். அதைக்கூட ஹௌசா வழக்குப்படி "கட்டுங்கா" என்றே குறித்தார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், யொரூபா என்பது முதலில் ஒரு புறப்பெயராகவே ஆவணங்களில் தோன்றுகிறது. அதை எழுதியவர்கள் வடக்கில் இருந்தவர்கள். அது குறித்தது இன்றைய முழு இனத்தையும் அன்று, பெரும்பாலும் ஓயோ அரசையும் அதன் குடிகளையும்தான்.

## திசைக்கு ஒரு பெயர்

மேற்கிலிருந்து பார்த்தவர்களுக்கு அதே மக்கள் வேறு பெயரில் தெரிந்தார்கள். இன்றைய பெனின் குடியரசில் இருந்த தாஹோமி அரசின் ஃபோன் மக்களுக்கு அருகில் இருந்த யொரூபா மொழிப் பிரிவினர் அனாகோ எனப்பட்டனர். ஃபோன் மக்கள் அந்தப் பெயரை, அம்மொழி பேசிய எல்லாருக்கும் நீட்டினார்கள். தாஹோமித் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேற்றப்பட்ட அடிமைகளுடன் அந்தப் பெயரும் "நாகோ" என்ற வடிவில் பிரேசிலுக்குச் சென்றது. பெனின் குடியரசில் இன்றும் நாகோ என்ற பெயர் வழக்கில் இருக்கிறது. வடக்கில் ஓயோ பெற்ற இடத்தை மேற்கில் அனாகோ பெற்றது. செயல்முறை ஒன்றே, நிற்கும் திசைதான் வேறு.

கியூபாவில் அவர்கள் லுக்குமி ஆனார்கள். பழைய ஐரோப்பிய நிலப்படங்களில் காணப்படும் "உல்குமி" என்ற நாட்டின் பெயருடன் இதை இணைப்பாரும் உண்டு; "என் நண்பன்" என்று பொருள்படும் "ஒலுக்கு மி" என்ற தொடருடன் இணைப்பாரும் உண்டு. நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில், யொரூபாவுக்கு நெருங்கிய ஒரு மொழியைப் பேசும் சிறு சமூகம் இன்றும் தன்னை ஒலுகுமி என்றே அழைத்துக்கொள்கிறது என்பது இரண்டாம் கருத்துக்கு ஓரளவு வலுவூட்டுகிறது. கியூபாவில் ஒரிஷா தெய்வ வழிபாட்டில் பாடப்படும் மொழிக்கு இன்றும் லுக்குமி என்றே பெயர்.

சியரா லியோனில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அடிமைக் கப்பல்களை வழிமறித்த பிரித்தானியக் கடற்படை, மீட்கப்பட்டவர்களை அங்குள்ள ஃப்ரீடவுனில் இறக்கிவிட்டது. பல்வேறு மொழியினர் கலந்து வாழ்ந்த அந்த ஊரில், யொரூபா மொழி பேசியவர்கள் ஒருவரையொருவர் காணும்போதெல்லாம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டதைப் பிறர் கவனித்தார்கள். அம்மொழியில் ஒவ்வொரு சூழ்நிலைக்கும் ஒரு வாழ்த்து உண்டு: வேலை செய்பவரைக் கண்டால் "எ கு இஷெ", வீட்டில் இருப்பவரைக் கண்டால் "எ கு இலே". எல்லா வாழ்த்திலும் "கு" என்ற ஒலி வருவதால், அவர்களுக்கு "அக்கு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இம்மக்களே தம் நாட்டைக் கவிதை நயத்துடன் குறிக்கும்போது, "காலை வணக்கம், நலமாக எழுந்தீர்களா என்று கேட்போரின் நாடு" என்று பொருள்படும் "காரோ-ஒஜீரே" என்ற தொடரைப் பயன்படுத்துவதுண்டு. வாழ்த்தே அடையாளம் என்பதில் உள்ளிருப்போரும் வெளியாரும் உடன்பட்டிருக்கிறார்கள்.

ஆக, ஒரே மொழியினர் வடக்கில் யொரூபா, தாஹோமியிலும் பிரேசிலிலும் நாகோ, கியூபாவில் லுக்குமி, ஃப்ரீடவுனில் அக்கு. இந்த நான்கில் எது வேண்டுமானாலும் முழு இனத்தின் பெயராக நிலைத்திருக்கலாம். நிலைத்தது முதலாவது, அதற்கு ஒரு தனி மனிதரின் பங்கு பெரிது.

## ஃப்ரீடவுனில் நடந்த மாற்றம்

1830களின் தொடக்கத்தில் ஜான் ரேபன் என்ற சமய ஊழியர் ஃப்ரீடவுனில் இம்மொழிக்குச் சிறு சொற்பட்டியல்களை அச்சிட்டபோது, அதன் பெயரை "எயோ அல்லது அக்கு" என்று குறித்தார். எயோ என்பது ஓயோதான். 1843இல் வெளிவந்த அடுத்த முக்கியமான சொற்பட்டியலின் தலைப்பிலோ "யொரூபா மொழி" என்று இருந்தது. அதைத் தொகுத்தவர் சாமுவேல் அஜாயி குரோதர்.

குரோதர் ஓயோவைச் சார்ந்த ஓஷோகுன் என்ற ஊரில் பிறந்தவர். 1821இல் அந்த ஊர் சூறையாடப்பட்டபோது சிறுவனாகப் பிடிபட்டு, கை மாறி கை மாறி விற்கப்பட்டு, போர்த்துகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டவர். 1822இல் பிரித்தானியக் கடற்படையால் மீட்கப்பட்டு ஃப்ரீடவுனில் வளர்ந்தார். பின்னாளில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனவர். ஓயோ பகுதியில் பிறந்த அவர் தம் தாய்மொழியை யொரூபா என்று அழைத்ததில் பிழை காண முடியாது. ஆனால் அவர் வேலை செய்தது எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான ஒரு நூல்மொழியை உருவாக்குவதற்காக. சமய அமைப்பும் தன் பணிக்கு "யொரூபா மிஷன்" என்று பெயரிட்டது. எக்பா நாட்டின் அபியோகுட்டாவில் பள்ளி நடத்தினாலும், இஜெஷாவில் போதித்தாலும், பாடநூலின் அட்டையில் இருந்த பெயர் ஒன்றுதான்.

இதை அப்போதே எதிர்த்த ஒருவர் இருந்தார். ஜெர்மானிய மொழியறிஞர் சிகிஸ்மண்ட் கோலே, மீட்கப்பட்ட அடிமைகளிடமிருந்தே ஏராளமான ஆப்பிரிக்க மொழிகளின் சொற்களைத் திரட்டி, 1854இல் ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட்டார். அதில் எக்பா, இஜெஷா, இஜெபு, இஃபே, ஒண்டோ முதலியவற்றை அக்கு என்ற தலைப்பின் கீழ் வைத்து, யொரூபாவையும் அவற்றுள் ஒன்றாகவே சேர்த்தார். ஒரு பிரிவின் பெயரை அனைவருக்கும் சூட்டுவது தவறு, மிஷனரிகளைத் தவிர யாரும் அவ்வாறு வழங்குவதில்லை என்பது அவருடைய வாதம். அன்றைய நிலையில் அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் "அக்கு" என்பதும் வெளியார் வைத்த பெயர்தானே என்ற எதிர்க்கேள்விக்கு அவரிடம் வலுவான விடை இல்லை.

கோலேயின் கூற்றுக்குச் சான்று வேண்டுமென்றால் ஒரு செய்தித்தாளின் பெயரைப் பார்த்தால் போதும். 1859 டிசம்பரில் அபியோகுட்டாவில் ஹென்றி டவுன்சென்ட் என்ற மிஷனரி, நாட்டு மொழியில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். சுருக்கமாக "இவே இரோயின்", அதாவது செய்தி ஏடு. அதன் முழுத் தலைப்பின் பொருள் "எக்பா மக்களுக்கும் யொரூபா மக்களுக்குமான செய்தி ஏடு". இன்று படிப்பவருக்கு இது விந்தையாக இருக்கும். எக்பா மக்களும் யொரூபாவில் அடக்கம்தானே என்று கேட்கத் தோன்றும். 1859இல் அபியோகுட்டாவில் அந்த "உம்" மிகவும் தேவைப்பட்டது. எக்பா வேறு, யொரூபா வேறு. யொரூபா என்றால் ஓயோ வழியினர்.

## சொல்லப்படும் பொருள்களைச் சோதித்தல்

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட மூன்று விளக்கங்களுக்கு வரலாம். ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு, வரலாற்றுச் சான்றின்றி ஒரு சொல்லுக்குக் கட்டப்படும் கதையை நாட்டார் சொற்பிறப்பு என்பார்கள். அந்தக் கதை பொய்யாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால் சோதனையில் தேற வேண்டும்.

பலி என்ற விளக்கம், "பலியிடுவார்" என்று பொருள்படும் "யோ ரு எபோ" என்ற தொடர் சுருங்கி யொரூபா ஆயிற்று என்கிறது. இங்கே மொழியே தடை சொல்கிறது. யொரூபா தொனிமொழி, அதாவது, ஓர் அசையை எந்தச் சுருதியில் ஒலிக்கிறோம் என்பது பொருளை மாற்றிவிடும். உயர்ந்தது, இடைப்பட்டது, தாழ்ந்தது என்று மூன்று சுருதிகள். யொரூபா என்ற பெயரிலேயே அந்த மூன்றும் உள்ளன: "யொ" இடைச்சுருதி, "ரூ" தாழ்சுருதி, "பா" உயர்சுருதி. பலியிடுதலைக் குறிக்கும் "ரு" உயர்சுருதியில் ஒலிப்பது. அதோடு, "ரு", "எபோ" என்ற இரண்டும் சேர்ந்து சுருங்கிய வடிவம் அம்மொழியில் ஏற்கெனவே வழக்கில் உள்ளது, அது "ருபோ". இறுதியில் "ஆ" ஒலி அதில் வருவதே இல்லை. சுருதியும் பொருந்தவில்லை, உயிரொலியும் பொருந்தவில்லை.

அரபு விளக்கத்தின் மூலத்தை நேரடியாகவே காட்ட முடியும். முஹம்மது பெல்லோ தம் எழுத்தில், யர்பா மக்கள் கானான் வழிவந்த நிம்ரூதின் குலத்தவர் என்றும், கஹ்தானின் மகன் யஃருப் என்பவனால் அரேபியாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் என்றும் கூறுகிறார். யஃருப் அரபுக் குலமரபுக் கதைகளில் வரும் முன்னோர். யர்பா, யஃருப் என்ற ஒலி ஒற்றுமையே இந்த இணைப்புக்கு வித்து என்பது வெளிப்படை. இந்தக் கதை ஏட்டோடு நிற்கவில்லை. யொரூபா வரலாற்றைப் பெருநூலாக எழுதிய சாமுவேல் ஜான்சன், ஒடுடுவாவின் தந்தை மெக்காவை ஆண்ட லாமுருடு என்ற மரபுக் கதையைப் பதிவுசெய்து, லாமுருடு என்பது நிம்ரூத் என்பதன் திரிபு என்றும் எழுதுகிறார். மெக்காவிலிருந்து குடிபெயர்ந்ததை அவர் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அவருடைய நூல் அந்தக் கதைக்கு நீண்ட ஆயுளைத் தந்துவிட்டது.

வசைச்சொல் என்ற வாதமே இன்று அதிகம் பரவுவது: வடக்கே வாழ்ந்த முஸ்லிம்களான ஃபுலானி மக்கள் ஓயோவினரை இழிவுபடுத்த "வஞ்சகர்" என்ற பொருளில் யரிபா என்று அழைத்தார்கள் என்பது அதன் சாரம். இது பரவுவதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ளலாம். உஸ்மான் தன் ஃபோடியோ 1804இல் தொடங்கிய புனிதப் போரின் தொடர்ச்சியாக, ஓயோவின் வட பகுதியிலிருந்த இலோரின் ஃபுலானி அமீர்களின் கைக்குச் சென்றது. 1830களில் ஓயோவின் பழைய தலைநகரே கைவிடப்பட்டது. அந்த இழப்பின் காயம் நைஜீரிய அரசியலில் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கு இந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. அஹ்மத் பாபா இந்தப் பெயரை எழுதியது, அந்தப் போர் தொடங்குவதற்கு ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்பு. அவருடைய பட்டியலிலும் அது மோசி, குர்மா போன்ற மற்ற இனப்பெயர்களைப் போலவே வெறும் பெயராக நிற்கிறது. புறப்பெயர் என்பது உண்மை. வசை என்பது அதன்மேல் பின்னால் ஏற்றப்பட்டது.

## ஏற்றுக்கொள்ளப்பட்ட பெயர்

வெளியிலிருந்து வந்த ஒரு பெயர் உள்ளிருப்போரின் பெயராக மாறுவதற்கு ஆணை யாரும் இடுவதில்லை. இங்கே அந்த மாற்றத்தைச் செய்தவை பள்ளியும் அச்சகமும். 1880களில் முழு விவிலியமும் யொரூபா மொழியில் வெளிவந்தது. எக்பாவிலும் எகிட்டியிலும் எழுதப் படிக்கக் கற்றவர்கள் எல்லாரும் அந்த ஒரே நூல்மொழியில் கற்றார்கள். சியரா லியோனிலிருந்து திரும்பிய "சாரோ" குடும்பங்கள் லாகோஸிலும் அபியோகுட்டாவிலும் ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் குடியேறின. அக்கு என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே தாம் அனைவரும் ஓரினம் என்ற உணர்வை அவர்கள் வெளிநாட்டில் பெற்றிருந்தார்கள். அந்த உணர்வுக்கு இப்போது புதிய பெயர் கிடைத்தது.

ஜான்சனின் நூலில் இந்த இடைக்காலம் அப்படியே பதிந்திருக்கிறது. 1897இல் எழுதி முடிக்கப்பட்டு, கைப்பிரதி தொலைந்துபோய், அவர் இறந்தபின் அவருடைய தம்பியால் மீண்டும் உருவாக்கப்பட்டு, 1921இல் அச்சான அந்நூல், எல்லாப் பிரிவினரையும் யொரூபா என்றே கொள்கிறது. ஓயோவினரைத் தனியே குறிக்க வேண்டிய இடங்களிலோ "முறையான யொரூபா" என்ற அடைமொழி தேவைப்படுகிறது. பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே பக்கத்தில் வாழ்கின்றன. 1945இல் இலண்டனில், பின்னாளில் நைஜீரிய அரசியல் தலைவரான ஒபாஃபெமி அவோலோவோ முதலியோர் இனம் முழுவதற்குமான சங்கம் ஒன்றைத் தொடங்கியபோது, அதற்கு "ஒடுடுவாவின் மக்கள் சங்கம்" என்று பெயரிட்டார்கள். ஓயோவின் சாயல் படிந்த பெயரை விடுத்து எல்லாருக்கும் பொதுவான முன்னோரின் பெயரைத் தேர்ந்தது நுட்பமான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

பெயர்கள் அதன்பிறகும் அசையாமல் நின்றுவிடவில்லை. எக்பாடோ எனப்பட்ட பிரிவினர் 1995இல் தம் பெயரை, அப்பகுதியில் ஓடும் ஆற்றின் பெயரால், யேவா என்று மாற்றிக்கொண்டார்கள். கியூபாவிலும் பிரேசிலிலும் லுக்குமி, நாகோ என்ற பழைய பெயர்களோடு யொரூபா என்ற பெயரும் இப்போது சேர்ந்து வழங்குகிறது.

பழைய நூல்களைப் படிப்பவருக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எழுதப்பட்ட ஆவணத்தில் "யரிபா" அல்லது "யொரூபா" என்று கண்டால், முதலில் ஓயோ என்று கொண்டு படித்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் பொருந்திவரும். மிஷனரிகளின் ஆவணமாக இருந்தால், 1840களிலிருந்தே விரிந்த பொருளும் வரலாம் என்பதால் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரேசில் நாட்டு அடிமைப் பதிவேடுகளில் நாகோ என்றும், கியூபாவின் பதிவேடுகளில் லுக்குமி என்றும் இருப்பவர்களுள் எக்பாவும் ஓயோவும் இஜெஷாவும் கலந்திருப்பார்கள். எந்த நகரத்தவர் என்பதை அந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது.